மாவில் வண்டு எங்கிருந்து வருகிறது?

போன மாதம் தங்கை ஃபோன் செய்தாள். “அக்கா, நேத்து வரைக்கும் மாவு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்குத் திறந்தா உள்ளே ஊருது. டப்பாவை இறுக்கித்தான் மூடியிருந்தேன். எப்படி உள்ளே போச்சு?”

சலித்துவிட்டு அதே டப்பாவில் போட்டு வைக்கலாமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதை ஃபோனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறோம். வெயிலில் காய வை, கிராம்பு போடு, காற்றுப் புகாத டப்பா வாங்கு. சில உதவும், சில உதவாது, ஒன்று உயிருக்கே ஆபத்து. மாவுக்குள் அந்த வண்டு எப்படி வாழ்கிறது என்பது தெரிந்துவிட்டால், எது எந்த வகை என்று நாமே பிரித்துக்கொள்ளலாம்.

## மாவு தானாக வண்டாக மாறாது

மூடியிருந்த டப்பாவுக்குள் வண்டைப் பார்த்தால், மாவே கெட்டுப்போய் அதிலிருந்து உண்டாகிவிட்டது என்று நினைப்பது இயல்புதான். பல நூற்றாண்டுகளாகப் படித்தவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர், கோதுமையோடு ஓர் அழுக்குச் சட்டையைச் சேர்த்து வைத்தால் 21 நாளில் எலி உண்டாகும் என்று எழுதி வைத்தார். கோதுமையைத் தேடி எலி வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

1668இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி இதைச் சோதித்தார். இறைச்சித் துண்டுகளைச் சில பாத்திரங்களில் திறந்து வைத்தார், சிலவற்றைத் துணியால் மூடி வைத்தார். திறந்திருந்ததில் புழு வந்தது. மூடியதில் இறைச்சி கெட்டதே தவிரப் புழு வரவில்லை. ஈ வந்து முட்டையிட முடியாததுதான் காரணம்.

மாவுக்கும் இதே கதைதான். ஒரு வண்டு இருந்தால் அதற்கு முன் ஒரு முட்டை இருந்திருக்கிறது. முட்டை இருந்தால் அதை இட்ட தாய் வண்டு ஒன்று எங்கோ அந்த மாவைத் தொட்டிருக்கிறது. எங்கே தொட்டது என்பதுதான் கேள்வி. ஆலையில் நன்றாகச் சலித்த மாவு வெளியே வரும்போது பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். பல ஆலைகளில் மாவை மிகுந்த வேகத்தில் சுழற்றி வீசியடிக்கும் இயந்திரம்கூட உண்டு. அந்த அடியில் முட்டைகள் நசுங்கிவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். கிடங்கின் தரைப் பிளவு, லாரியில் சிந்திக் கிடக்கும் பழைய மாவு, கடை அலமாரி, பையின் தையல் இடுக்கு, கடைசியில் நம் வீட்டு அலமாரி. இவற்றில் ஏதோ ஓர் இடத்தில் தாய் வண்டு நுழைந்திருக்கிறது.

## ‘வண்டு’ என்று நாம் சொல்வது ஒன்றல்ல

எல்லாவற்றையும் வண்டு என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

நீண்ட மூக்கு உள்ளது கூன்வண்டு. அது முழுத் தானியத்தைத் துளைத்து, துளைக்குள் முட்டையிட்டு, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். புழு தானியத்துக்குள்ளேயே தின்று வளரும். ‘உளுத்துப் போச்சு’ என்று நாம் சொல்வது இதன் வேலையைத்தான். முழு மணி வேண்டும் என்பதால், தூளாக இருக்கும் மாவில் கூன்வண்டு குடும்பம் நடத்துவது கடினம். மாவில் அதைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் அரிசியையோ கோதுமையையோ திறந்து பாருங்கள்.

மாவு வண்டுக்கு மூக்கு நீட்டம் கிடையாது. செம்பழுப்பு நிறம், தட்டையான உடல், 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம். இதனால் முழுத் தானியத்தைத் துளைக்க முடியாது. உடைந்ததும் தூளானதும்தான் இதன் சாப்பாடு. தங்கை வீட்டில் ஊர்ந்தது இதுதான். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

மாவு நூல் கட்டி, கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது அந்துப்பூச்சியின் வேலை. புழுப் பருவத்தில் அது பட்டு போல நூல் விடும். வளர்ந்த பூச்சி இறக்கை விரித்துச் சமையலறையில் பறந்து திரியும்.

பழுப்புத் தூசி படிந்ததுபோல இருந்து, உற்றுப் பார்த்தால் அந்தத் தூசியே நகர்ந்தால் அது மாவுச் சிலந்திப்பேன். அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். எட்டுக்கால் இனம் என்பதால் கணக்குப்படி அது பூச்சியே அல்ல. ஈரப்பதம் மிகுந்த இடத்தில்தான் பெருகும். இதைப் பற்றிப் பின்னால் ஒரு எச்சரிக்கை சொல்கிறேன்.

## முட்டையிலிருந்து வண்டு வரை

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை நமக்குத் தெரியும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. மாவு வண்டுக்கும் அதே நான்கு பருவம். இப்படி முற்றிலும் வேறு வேறு உருவங்கள் எடுத்து வளர்வதற்கு முழு உருமாற்றம் என்று பெயர். அதனால்தான் ‘மாவில் வெள்ளைப் புழு இருக்கு, வண்டும் இருக்கு, ரெண்டு பூச்சி பிடிச்சிருக்கு’ என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றே, வயதுதான் வேறு.

பெண் வண்டு மாவுக்குள் நடந்துகொண்டே முட்டையிடும். ஓர் இடத்தில் குவிக்காது, அங்கொன்று இங்கொன்றாகப் போட்டுக்கொண்டு போகும். முட்டை அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே நீளம், வெள்ளை நிறம், மேலே பிசுபிசுப்பு. பிசுபிசுப்பில் மாவுத்துகள் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை மாவில் வெள்ளை முட்டை, அதற்கு மேல் மாவுப் போர்வை வேறு. கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. வீட்டுச் சல்லடையின் கண் பெரும்பாலும் இதைவிடப் பெரியது, அதனால் முட்டை மாவோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். சலித்த மாவில் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி புழு தெரிவதற்கு இதுதான் காரணம். சல்லடையில் நின்றது வளர்ந்த தலைமுறை, கீழே இறங்கியது அடுத்த தலைமுறை.

முட்டை சில நாளில் பொரியும். வெளிவரும் புழு மெலிந்து, மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். வளர வளரத் தோலை உரிக்கும், ஒரு முறையல்ல, பல முறை. மாவில் மெல்லிய தவிட்டுச் செதில் போல ஏதோ கிடந்தால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லாத வெற்றுச் சட்டையாக இருந்தால் அது உரித்த தோல். முழுதாக வளர்ந்த புழு சுமார் 6 மில்லிமீட்டர். வால் முனையில் இரண்டு சின்னக் கூர்கள் இருக்கும்.

அப்புறம் புழு அசைவதை நிறுத்திக் கூட்டுப்புழுவாகிறது. கூடு எதுவும் கட்டாது. காலையும் இறக்கையையும் மார்போடு மடக்கி, மாவுக்குள் அப்படியே கிடக்கும். ஒரு வாரம் போல அப்படிக் கிடந்து வண்டாக வெளிவரும். புதிதாக வந்தது வெளிறியிருக்கும், சில நாளில் செம்பழுப்பாகும். ஆக, டப்பாவில் வெளிறிய வண்டைப் பார்த்தால் அது வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளேயே பிறந்தது.

வளர்ந்த வண்டு ஓர் ஆண்டுக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். பெண் ஒரு நாளைக்குச் சில முட்டைகள் என்று மாதக்கணக்கில் இட்டுக்கொண்டே இருக்கும். ஆயுளில் சில நூறு சேரும்.

சுருக்கமாக: கண்ணில் படும் வண்டு முழுக் குடும்பத்தில் ஒரு பகுதிதான். முட்டையும் சின்னப் புழுவும் கண்ணுக்குத் தெரியாமல் மாவிலேயே இருக்கின்றன. வண்டை மட்டும் எடுத்தால் மாவு சுத்தமாவதில்லை.

## ஒரே இரவில் வந்துவிட்டதா?

பிசைந்த மாவைப் புளிக்க வைத்தால் வெதுவெதுப்பான இடத்தில் சீக்கிரம் பொங்கும், குளிர்ந்த இடத்தில் நேரமாகும். வண்டின் வளர்ச்சியும் அப்படித்தான். நம் உடல் தனக்கான வெப்பத்தைத் தானே வைத்துக்கொள்கிறது, பூச்சிக்கு அது முடியாது. சுற்றியுள்ள வெப்பம்தான் அதன் கடிகாரத்தை ஓட்டுகிறது. 30 முதல் 35 டிகிரி செல்சியஸில் முட்டை முதல் வண்டு வரை ஏறக்குறைய ஒரு மாதம், சில சமயம் அதைவிடக் குறைவு. வெப்பம் இறங்க இறங்க அந்தக் காலம் நீளும். 20 டிகிரிக்குக் கீழே, மாவு வண்டில் ஒரு வகையான செம்மாவு வண்டின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றே போகும். நின்றுபோகும் என்றுதான் சொன்னேன், செத்துப்போகும் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

இதோடு வட்டிக்கு வட்டிக் கணக்கையும் சேருங்கள். ஒரே ஒரு தாய் வண்டு, நாளைக்கு 3 முட்டை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் 90. அதில் பாதி, 45, பெண். இவை வளர்ந்து தலைக்கு நாளைக்கு 3 முட்டை இடத் தொடங்கினால் அடுத்த ஒரே மாதத்தில் 4,050. உண்மையில் இவ்வளவு ஏறாது. இடம் நெருக்கமானால் இவை தங்கள் முட்டைகளையும் கூட்டுப்புழுக்களையும் தாங்களே தின்றுவிடும். ஆனால் போக்கு இதுதான். முதல் ஒன்றிரண்டு மாதம் ஒன்றுமே கண்ணில் படாது, அப்புறம் ஒரே வாரத்தில் டப்பா முழுக்க ஊரும். தங்கைக்கு ஒரே இரவில் வந்ததாகத் தெரிந்தது, குறைந்தது இரண்டு மாதமாக உள்ளே நடந்துகொண்டிருந்தது.

‘ஈரம் பட்டதால்தான் வந்தது’ என்று சொல்வதிலும் பாதிதான் உண்மை. ஈரம் இருந்தால் வளர்ச்சி வேகமாகும், சிலந்திப்பேனுக்கு அது கட்டாயமும்கூட. ஆனால் மாவு வண்டு காய்ந்த மாவிலும் வாழும். மாவுச்சத்தை உடல் ஆற்றலாக மாற்றும்போது உள்ளே உண்டாகும் நீரைப் பயன்படுத்திக்கொள்ளும். குடலின் கடைசிப் பகுதி கழிவிலிருந்து நீரை உறிஞ்சி உள்ளே திருப்பிக்கொள்ளும், வெளிக்காற்றின் ஈரத்தைக்கூட அந்த வழியாக இழுத்துக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஆயுள் முழுக்க மாவுக்குள் இருக்கும் உயிர் அது.

## இறுக்கமான டப்பா எதைச் செய்யும், எதைச் செய்யாது

மூடி போட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சின்னப் பூச்சிக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் மிகச் சொற்பம். பாதி காலியான டப்பாவில் மேலே நிற்கும் காற்றும், மாவுத்துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றும் அதற்கு வெகு நாள் போதும். நாம் தினம் ஒரு முறை திறந்து மூடும்போது புதுக் காற்றும் கொடுத்துவிடுகிறோம்.

டப்பா ஒரு சுவர். வெளியே இருப்பதை உள்ளே விடாது, உள்ளே இருப்பதை வெளியே விடாது. சுத்தமான மாவைப் போட்டு மூடினால் சுத்தமாகவே இருக்கும், முட்டையோடு போட்டு மூடினால் முட்டை பத்திரமாகப் பொரியும். ஆகவே டப்பா நல்லதுதான், ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, உள்ளே போவதைச் சுத்தமாக்குவது.

பொருளும் முக்கியம். கண்ணாடி, உலோகம், கெட்டிப் பிளாஸ்டிக் நல்லது. காகிதப் பையும் மெல்லிய பாலிதீனும் அந்துப்பூச்சியின் புழுவுக்குத் தடையே அல்ல, கடித்துத் துளைத்துவிடும். மாவு வண்டு அந்த அளவுக்குத் துளைக்காது, ஆனால் மடிப்பிலும் தையலிலும் உள்ள சின்ன இடைவெளி அதற்குப் போதும். திருகு மூடியின் புரிகளில் மாவு படிந்து அங்கேயே முட்டை இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். டப்பாவைக் கழுவும்போது மூடியின் உள்விளிம்பைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாவைக் கொட்டுங்கள்.

இதுவரை: வண்டு வெளியிலிருந்துதான் வருகிறது, முட்டையாக ஒளிந்து வருகிறது, வெப்பத்தில் பெருகுகிறது. மூடி அதைக் கொல்வதில்லை.

## குளிர்தான் வீட்டில் இருக்கும் நல்ல ஆயுதம்

முட்டையைப் பார்க்க முடியாது, சலிக்க முடியாது. அப்படியானால் இருக்கும் இடத்திலேயே அதை அழிக்க வேண்டும். மாவைக் கெடுக்காமல் இதைச் செய்ய ஃப்ரீசர்தான் நல்ல வழி. வாங்கி வந்த மாவைப் பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். பெரிய பையாக இருந்தால் ஒரு வாரம்.

ஏன் இத்தனை நாள்? மாவு ஒரு கம்பளி மாதிரி. துகள்களுக்கு இடையே அடைபட்ட காற்று குளிரை உள்ளே விடாது. வெளிப்புறம் உறைந்த பிறகும் நடுப்பகுதி வெகு நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஒரு கிலோ பொட்டலமாகப் பிரித்து, தட்டையாகப் பரப்பி வைத்தால் குளிர் சீக்கிரம் நடுவுக்குப் போகும். மின்சாரம் அடிக்கடி போகும் வீடானால் நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த மாவின் மேல் அறைக்காற்றின் ஈரம் படிந்து, கட்டியாகிப் பூஞ்சை பிடிக்க வழியாகிவிடும். மூடியபடியே வெளியில் வைத்து, பை முழுக்க அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறவுங்கள்.

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, 4 டிகிரி, வேறு வேலை செய்கிறது. அங்கே வண்டு உடனே சாகாது, வளர்ச்சி நிற்கும், அவ்வளவுதான். வெளியே எடுத்து வைத்தால் கடிகாரம் மறுபடி ஓடும். மாவு எப்போதுமே ஃப்ரிட்ஜிலேயே இருக்குமானால் அது நல்ல ஏற்பாடு. இரண்டு நாள் வைத்துவிட்டு வெளியே எடுப்பதில் பயனில்லை.

சூடும் கொல்லும். 50 டிகிரிக்கு மேல் இந்தப் பூச்சிகளால் வெகு நேரம் தாங்க முடியாது. ஓவனில் 60 டிகிரியில், ஓர் அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் பரப்பி, ஒரு மணி நேரம் வைத்தால் முட்டை உட்பட அழிந்துவிடும். ஆனால் வீட்டு ஓவன்கள் குறைந்த வெப்பத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை, கொஞ்சம் மீறினால் மாவின் பிசையும் தன்மை மாறிவிடும். என்னைக் கேட்டால் குளிரே மேல்.

வெயிலும் இதே தத்துவம்தான், ஆனால் அதை நம்ப முடியாது. மேல்பரப்பு சூடாகும், வண்டுகள் ஆழத்துக்கோ ஓரத்துக்கோ நகர்ந்துவிடும், முட்டை நிழலில் தப்பிக்கும். முழுத் தானியத்துக்கு வெயில் ஓரளவு உதவும். மாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## மற்ற வைத்தியங்கள்

கிராம்பு, வாசனை இலை, காய்ந்த மிளகாய். இவற்றின் எண்ணெய்களுக்குப் பூச்சியை விரட்டும் தன்மை உண்டு என்பது பொய்யல்ல. ஆனால் பிழிந்தெடுத்த எண்ணெயின் செறிவு வேறு, டப்பாவில் கிடக்கும் நாலு கிராம்பின் வாசனை வேறு. ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையை இது ஒன்றும் செய்யாது.

அந்துப்பூச்சிக்கு ஒட்டுப்பொறி விற்கிறார்கள். அதில் ஃபெரோமோன் இருக்கும், அதாவது ஒரே இனப் பூச்சிகள் ஒன்றையொன்று அழைக்க வெளியிடும் வாசனை. பொறியில் இருப்பது பெண்ணின் வாசனை, அதனால் ஆண் மட்டுமே ஒட்டும். வீட்டில் பூச்சி இருக்கிறதா, குறைகிறதா என்று தெரிந்துகொள்ள நல்லது. அதை மட்டும் நம்பி மாவை விட்டுவிடாதீர்கள்.

மாவு வைக்கும் அலமாரியில் பூச்சி மருந்து அடிக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, தானியக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை விடும். தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அதனால் இறந்திருக்கின்றன. ஒரு டப்பா மாவுக்காக எடுக்க வேண்டிய ஆபத்து அல்ல அது.

## சாப்பிடலாமா, கொட்டலாமா?

ஒன்றிரண்டு வண்டு இருந்த மாவை அறியாமல் சாப்பிட்டுவிட்டால் பயப்பட வேண்டாம், அது விஷமல்ல. ஆனால் வண்டு பெருகிய மாவு வேறு. மாவு வண்டு தன்னைக் காத்துக்கொள்ள குயினோன் என்ற வேதிப்பொருள்களை வெளிவிடும். அதுதான் அந்தக் காரமான, மூக்கைத் துளைக்கும் வாடை. மாவு லேசாக இளஞ்சிவப்பாகக்கூட மாறும். வாடையோ நிறமோ வந்துவிட்டால் சலித்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. கொட்டிவிடுங்கள்.

எச்சரிக்கை என்று சொன்னது சிலந்திப்பேனுக்கு. அது இருந்த மாவைச் சமைத்துச் சாப்பிட்ட பிறகும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததுண்டு. ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கொட்டும்போது பையை இறுக்கிக் கட்டி அன்றே வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். திறந்த குப்பைக்கூடையில் போட்டால் செம்மாவு வண்டு நடந்தும் பறந்தும் அலமாரிக்கே திரும்பி வரும்.

அப்புறம் அலமாரி. தட்டுகளின் மூலை, ஆணித் துளை, விரித்த காகிதத்தின் அடி, எல்லாவற்றையும் வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். ஒரு சிட்டிகை மாவு தேங்கினாலும் அங்கே ஒரு தாய் வண்டு வாழும். மாவோடு நிறுத்தாமல் கொட்டைகள், உலர்பழம், மசாலாத்தூள், செல்லப் பிராணிகளின் உணவு வரை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தங்கை வீட்டில் மூலகாரணம் மாவே அல்ல. பின்வரிசையில் தள்ளிப்போயிருந்த, பாதி திறந்த நாய் பிஸ்கட் பொட்டலம்.

மீதி இருந்த மாவில் எது சுத்தம், எது இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். ஒரு தட்டில் இரண்டு கரண்டி மாவைப் போட்டு, கரண்டியின் பின்புறத்தால் கண்ணாடி போல வழித்து, இருட்டான இடத்தில் இரவு முழுக்க ஆடாமல் வைக்கச் சொன்னேன். காலையில் படம் அனுப்பினாள். வழவழப்பான மாவின் மேல் பென்சில் கோடு போல வளைந்து வளைந்து ஒரு தடம், கோட்டின் முடிவில் ஒரு சின்ன மேடு. அந்த டப்பாவைக் கொட்டினாள், மற்ற இரண்டையும் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தாள். ஆறு வாரம் கழித்து அந்த இரண்டிலிருந்தும் மறுபடி தட்டு வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முட்டை ஏதாவது தப்பியிருந்தால் அதற்குள் புழுவாகி நடந்திருக்கும், தடம் தெரிந்துவிடும்.